மகிழ்ச்சி தேடும் வாசகனும் ஓர் எளிய உள்ளமும்

பாடசாலை நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொண்டிருப்பர். பரீட்சையில் தவறிய மாணவனோ, வேலை தேடிக் களைத்த பழைய மாணவியோ வந்து நின்று, "மனத்துக்குத் தெம்பு தாற புத்தகம் ஏதாவது இருக்கா, சேர்?" என்று கேட்பர். கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று. நூலினால் மனிதன் மகிழ்வடைய முடியுமா, வளர முடியுமா என்னும் இலக்கியத்தின் அடிப்படை வினாவே அந்தச் சிறு கேள்வியினுள் அடங்கியிருக்கின்றது.

இக்கேள்விக்குப் புத்தகச் சந்தை ஆயத்தமான விடையொன்றை வைத்திருக்கின்றது. கொழும்பிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் புத்தகக் கடையினுள் நுழைவோரின் கண்ணில் முதலிற் படுவது சுயமுன்னேற்ற நூல்களின் அடுக்கே. எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்பது அவற்றின் சாரம். முற்போக்கு நோக்குடையோர் இந்நூல்களை ஒரு புன்னகையோடு ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு ஒதுக்குவது விமரிசனம் ஆகாது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரு நூலைத் தேடிச் செல்கின்றனரெனின் அவர்களது தேவை உண்மையானது. அத்தேவைக்கு அந்நூல் என்ன செய்கின்றது என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

இவ்வகை நூல்களுக்கு மூதாதையாக விளங்குவது சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி 1859 இல் வெளிவந்த 'செல்ஃப் ஹெல்ப்' என்னும் நூலாகும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்ததும், மார்க்ஸின் 'அரசியற் பொருளாதார விமரிசனத்துக்கு ஒரு பங்களிப்பு' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். முதலாண்டிலேயே 20,000 பிரதிகள் விலைபோயின. ஆசிரியர் மறைந்த 1904 ஆம் ஆண்டளவில் அத்தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நாக்கமுரா மசநாவோ 1871 இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, யப்பானின் மெய்ஜி காலத்து இளைஞரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது.

இந்நூல் பிறந்த வரலாறு நமது கவனத்துக்குரியது. ஸ்மைல்ஸ் தமது முன்னுரையிலேயே அதனைக் கூறுகின்றார். இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில், மிகத் தாழ்ந்த நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள் குளிர்கால மாலைகளில் ஒன்றுகூடித் தாம் அறிந்தவற்றை ஒருவருக்கொருவர் கற்பிக்கத் தொடங்கினர். எழுதத் தெரிந்தவன் எழுத்தையும், கணக்குத் தெரிந்தவன் கணக்கையும் கற்பித்தான். தொகை பெருகவே அவர்களுக்கு ஓர் அறை தேவைப்பட்டது. முன்பு வாந்திபேதி நோயாளருக்குத் தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்து, அந்த அச்சத்தினால் எவரும் வாடகைக்கு எடுக்க முன்வராத ஓர் இடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஏறத்தாழ நூறு பேராகப் பெருகிய அவர்கள்தான் ஸ்மைல்ஸைத் தேடிச் சென்று, தம்மிடையே வந்து சிறிது பேசும்படி கேட்டனர். அப்பேச்சுக்களிலிருந்து உருவானதே இந்நூல்.

தனிமனித முயற்சியின் வேதமாகப் போற்றப்படும் நூல், ஒரு கூட்டு முயற்சியின் வயிற்றிற் பிறந்தது. ஆனால் நூலின் உள்ளே அந்த அறைக்கு இடமில்லை. அங்கே நாம் காண்பது தனித்தனி வெற்றியாளரின் வரிசை. உலையை அணையவிடாது காக்கத் தன் வீட்டுத் தளபாடங்களையே எரித்த குயவர் பலிசி வருகின்றார். முடிதிருத்தும் தொழிலிலிருந்து பஞ்சாலை அதிபராக உயர்ந்த ஆர்க்ரைட் வருகின்றார். அவரவர் உழைப்பை நாம் மறுக்க வேண்டியதில்லை. எனினும் ஆர்க்ரைட்டின் ஆலைகளில் வேலை செய்தோருள் மிகப் பலர் சிறுவர்கள். அச்சிறுவரும் விடியுமுன் எழுந்தவர்களே. அவர்களும் விடாமுயற்சி உடையவர்களே. அவர்கள் ஏன் உயரவில்லை என்னும் கேள்வியை இந்நூல் எழுப்புவதில்லை.

ஆயினும் ஸ்மைல்ஸை வெறும் முதலாளித்துவப் பிரசாரகர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர் 'லீட்ஸ் டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்காக எழுதியவர். தமது நூலின் தலைப்பு சுயநலத்தைப் போற்றுவதாக விளங்கிக்கொள்ளப்பட்டதைக் கண்டு பிற்பதிப்பொன்றின் முன்னுரையில் வருந்தியவர். ஆங்கிலச் சோசலிஸ்டான ரொபர்ட் பிளச்ஃபர்ட் இந்நூலைப் பெரிதும் பாராட்டியிருக்கின்றார். எழுத்தறியாத தொழிலாளிக்கு, 'நீயும் கற்கலாம், நீயும் ஆகலாம்' என்று சொன்ன குரலின் பெறுமதியைப் பிளச்ஃபர்ட் அறிந்திருந்தார்.

ஸ்மைல்ஸின் வழிவந்தோரிடம் இந்தப் பெறுமதியும் தேய்ந்து போயிற்று. 1929 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், 1933 இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். அந்தத் தசாப்தத்திலேயே, 1936 இல், நண்பர்களைப் பெறுவதற்கும் பிறரை வயப்படுத்துவதற்கும் வழிகூறும் டேல் கார்னகியின் நூலும், 1937 இல், எண்ணுவதன் மூலம் செல்வராகக் கற்பிக்கும் நெப்போலியன் ஹில்லின் நூலும் வெளிவந்தன. ஸ்மைல்ஸ் உழைக்கச் சொன்னார். கார்னகி புன்னகைக்கச் சொன்னார். ஹில் எண்ணச் சொன்னார். 2006 இல் வெளிவந்த ரொண்டா பேர்னின் 'இரகசியம்' விரும்பினாலே போதும், அண்டம் அதனைக் கொணர்ந்து தரும் என்னும் நிலைக்கு வந்துவிட்டது. கையிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து மனத்துக்கும் முயற்சி பின்வாங்கிய வரலாறு இது. உலகை மாற்றும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டபோது, மனத்தை மாற்றுதல் என்னும் வழியொன்றே விற்பனைக்கு எஞ்சியது.

இதன் கொடுமையான பக்கத்தை அமெரிக்க எழுத்தாளர் பாபரா எரன்ரைக் தம் உடலாலேயே அறிந்தார். 2000 ஆம் ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. உயிரியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். நோயுற்றோர் மகிழ்ச்சியாக இருந்தே ஆகவேண்டும் என்னும் உபதேசம் எங்கும் நிறைந்திருப்பதைக் கண்டார். மகிழ்ச்சியாக இருந்தால் குணமாகும் எனின், குணமாகாதவர் போதிய அளவு மகிழவில்லை என்பதுதானே பொருள்? நோயோடு குற்றமும் நோயாளியின் தலையில் ஏறுகின்றது. 2009 இல் அவர் எழுதிய நூல் இந்த மனோபாவத்தை விரிவாக விமரிசித்தது.

நமது நூலகத்துக்கு வந்து நின்ற மாணவனிடம் இப்போது திரும்பலாம். இந்நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குரிய தகுதியைப் பெறும் மாணாக்கரிற் பெரும்பாலோருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. இடங்களின் தொகை வரையறுக்கப்பட்டிருக்க, வெளியே நிற்பவனிடம் 'நீ போதிய அளவு நம்பவில்லை' என்று கூறும் நூலைக் கொடுப்பது, அவனுடைய காயத்தின் மீது அவனுடைய கையாலேயே அடிப்பதற்கு ஒப்பாகும். அந்நூல் ஒரு வாரத்துக்குத் தெம்பு தரக்கூடும். எட்டாம் நாள் கதவு திறவாதபோது அவன் முன்னிலும் தனியனாகின்றான்.

*

அப்படியாயின் எந்த நூலைக் கொடுப்பது? இதற்கு மாக்ஸிம் கார்க்கியின் அனுபவம் ஒரு விடையைத் தருகின்றது.

கார்க்கியைப் போல் நூலினால் வளர்ந்த மனிதர் அரியர். சிறுவயதில் வேலை செய்த வீட்டில் வாசித்தமைக்காக ஏச்சும் அடியும் பெற்றவர். வொல்கா நதிக் கப்பலிற் கோப்பை கழுவியபோது, ஸ்மூரி என்னும் சமையற்காரர் தமது பெட்டியிலிருந்த நூல்களை அவருக்குக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இவற்றை அவரது சுயசரிதையின் இரண்டாம் பாகத்திற் காணலாம். எழுதக் கற்ற விதம் பற்றி 1928 இல் அவர் எழுதிய கட்டுரையில் வேறொரு நிகழ்ச்சி வருகின்றது. ஒரு திருநாளன்று, கொட்டில் ஒன்றின் கூரைமீது ஏறியிருந்து, புளோபேரின் 'ஓர் எளிய உள்ளம்' என்னும் கதையை அவர் வாசித்தார். சுற்றியிருந்த உலகமே மறைந்துவிட்டது. வெறும் சொற்களாலான ஒரு கதை தம்மை ஏன் இவ்வாறு கலக்கியது என்பது விளங்காமல், தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வரிகளுக்கிடையே ஏதேனும் மாயம் ஒளிந்திருக்கின்றதா என்று பார்த்தாராம்.

அக்கதை எதனைப் பற்றியது? வெற்றி பெற்ற ஒருவரைப் பற்றியதன்று. 1877 இல் வெளிவந்த அக்கதையின் நாயகி ஒரு வேலைக்காரி. ஆண்டுக்கு நூறு பிராங்கு கூலிக்குச் சமைத்து, துவைத்து, தைத்து, அரை நூற்றாண்டு ஒரே வீட்டில் உழைத்தவள். அவளுடைய பெயர் ஃபெலிசிதே. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் பொருள் மகிழ்ச்சி என்பதாகும். அந்தப் பெயரை அவளுக்கு இட்டதில் புளோபேரின் கசப்பும் உண்டு, கருணையும் உண்டு.

அவளுடைய மருமகன் விக்தோர் கப்பற்றொழிலாளியாக ஹவானாவுக்குப் போகின்றான். ஹவானா எங்கே இருக்கின்றதென்று அவள் படித்த கனவான் ஒருவரிடம் கேட்கின்றாள். அவர் தேசப்படத்தை விரித்து ஒரு புள்ளியைக் காட்டுகின்றார். விக்தோர் இருக்கும் வீட்டைக் காட்டும்படி அவள் கேட்கின்றாள். கனவான் விழுந்து விழுந்து சிரிக்கின்றார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இந்த இடத்திற் சற்றே தரித்தல் வேண்டும். அக்காட்சியில் அறியாமை யாருடையது? தேசப்படத்தை அறியாதவள் அவள். அவள் எதனைத் தேடுகின்றாள் என்பதை அறியாதவர் அவர். பின்னர் விக்தோர் மஞ்சட் காய்ச்சலால் இறந்த செய்தி வருகின்றது. அவள் ஆற்றங்கரைக்குச் சென்று, துவைக்கவேண்டிய துணிகளைத் துவைக்கின்றாள். துக்கத்துக்கு விடுமுறை பெறும் உரிமை அவளுக்கில்லை.

எசமாட்டியின் மகளும் இறக்கின்றாள். ஆண்டுகள் சில கழிந்தபின், இறந்த பிள்ளையின் உடுப்புகள் இருக்கும் அலுமாரியை எசமாட்டியும் வேலைக்காரியும் சேர்ந்து திறக்கின்றனர். பூச்சி அரித்த ஒரு சிறு தொப்பியை ஃபெலிசிதே தனக்கெனக் கேட்கின்றாள். இருவர் கண்களும் கலங்குகின்றன. எசமாட்டி கைகளை விரிக்க இருவரும் தழுவிக்கொள்கின்றனர். வாழ்க்கையில் முதன்முறையாக அவர்கள் சமமாகின்றனர். அந்தச் சமத்துவம் ஒரு கணம் மட்டுமே நிலைக்கின்றது. கூலி நூறு பிராங்காகவே இருக்கின்றது. ஒரு கணம் சாத்தியமானது ஒரு வாழ்க்கை முழுவதும் ஏன் சாத்தியமாகவில்லை என்னும் வினா, எழுதப்படாமலே வாசகனின் நெஞ்சில் எழுகின்றது.

துயரமே நிரம்பிய இக்கதை கூரைமீதிருந்த அந்த இளைஞருக்கு எவ்வாறு மகிழ்ச்சி அளித்தது? தம்மைப் போன்ற ஏவலாளின் வாழ்க்கையும் ஒரு மகத்தான கலைஞனின் முழுக் கவனத்துக்குரியது என்பதை அவர் கண்டார் என்றே நான் கருதுகின்றேன். தன்னைப் பற்றிய உபதேசத்தில் அவர் அம்மகிழ்ச்சியைப் பெறவில்லை. தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்ததிற் பெற்றார். சுயமுன்னேற்ற நூல் வாசகன் முன்னே ஒரு கண்ணாடியை வைக்கின்றது. புளோபேர் ஒரு சாளரத்தைத் திறக்கின்றார்.

*

இவ்விடத்தில் நம்மவரின் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். புளோபேர் முற்போக்காளர் அல்லர். 1871 இன் பாரிஸ் கொம்யூனை வெறுத்தவர். எனினும் பிரபுத்துவத்தின் பக்கம் நின்ற பால்சாக்கிடம் வரலாற்றின் உண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்று 1888 இல் மார்கிரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் விளக்கியதை நாம் அறிவோம். அறிந்தும், நம்பிக்கை வரட்சி என்னும் ஒரே சொல்லால் எத்தனை நல்ல கதைகளை நாம் தள்ளிவைத்திருக்கின்றோம்! வேலைநிறுத்தம் வெல்லவேண்டும், இறுதிப் பந்தியிற் கிழக்குச் சிவக்கவேண்டும் என்று எழுத்தாளனிடம் நாம் கேட்டதுண்டு. மகிழ்ச்சியை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுப்பதில், எண்ணத்தாற் செல்வம் சேர்க்கச் சொல்பவருக்கும் நமக்கும் இடையே அப்போது அதிக தூரம் இருக்கவில்லை. நம்பிக்கை உண்மையின் வழியாக வரவேண்டும். உண்மையைத் தாண்டிக் குதித்து வரும் நம்பிக்கையை வாசகன் இரண்டு நாளில் இனங்கண்டுகொள்வான்.

ஆகவே ஒரு நூலைத் தேர்ந்து மாணவனிடம் கொடுக்குமுன் நாம் கேட்கவேண்டியவை இரண்டு. துன்பத்தின் காரணத்தை இந்நூல் எங்கே வைக்கின்றது? நூலை மூடியபின் வாசகன் பிறரோடு பேச விரும்புவானா, அல்லது பிறரை முந்திச் செல்ல மட்டும் விரும்புவானா? இவ்வுரைகல்லில் சில சுயமுன்னேற்ற நூல்களும் தேறக்கூடும். சில புரட்சிக் கதைகளும் தோற்கக்கூடும்.

நூலைத் தேடுவதும் தனித்த செயலன்று. வாந்திபேதி ஆஸ்பத்திரி அறையில் கூடிய அந்த இளைஞரைப் போலவே நம்மவரும் கூடியிருக்கின்றனர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம், 1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்தில் நடத்திய சிறிய இரவல் நூலகமே. 1934 இல் ஆஸ்பத்திரி வீதியின் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது வளர்ந்தது. 1981 இல் எரியூட்டப்பட்டபோது அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்நூல்களை அழித்தோர், வாசிப்பு ஒரு சமூகத்தின் கூட்டு உடைமை என்பதை நன்கறிந்திருந்தனர். கிராமந்தோறும் வாசிகசாலை அமைத்த மரபு நமது பெருமைக்குரியது. சாதியின் பெயரால் ஒரு பகுதியினரைப் பொது வாழ்விலிருந்து விலக்கி வைத்த சமூகத்தில் அவை எழுந்தன என்பதையும் மறைக்கலாகாது. எவர் எங்கே அமர்ந்து வாசிக்கலாம் என்பதும் ஒரு போராட்டமாகவே இருந்தது.

தெம்பு தரும் புத்தகம் கேட்டு வரும் மாணவனுக்கு ஒரு நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு இடாப்பிற் பதிவதோடு நமது கடமை முடியவில்லை. அவனை இருக்கச் சொல்வோம். மாலையில் இன்னும் இரண்டு மூன்று பேரையும் அழைப்போம். ஃபெலிசிதே தேசப்படத்தில் வீட்டைத் தேடிய அந்தப் பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். சிரித்த கனவானைப் பற்றி மாணவர் என்ன சொல்கின்றனர் என்பதை ஆசிரியரும் அதே வாங்கில் இருந்து கேட்கட்டும்.