யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

சிரிக்க வைப்பது அருங்கலை, மறுப்பார் யார்? ஆனால், சிரிப்பவன் யாரைக் கண்டு சிரிக்கிறான் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டன்றோ, தோழர்களே! அமெரிக்கத் தொலைக்காட்சியிலே, புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரொன்றின் தலைமை நடிகையே அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், வேடத்தைக் களைந்துவிட்டு வெளியேறினார். அவர்தான் எஸ்தர் ரோல் அம்மையார்.

1920இல் புளோரிடா மாநிலத்திலே, பதினெட்டுப் பிள்ளைகள் கொண்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கிலே நாடகமாடிப் பயின்றவர். தொலைக்காட்சி அவரை அழைத்தபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. 1972இல் 'மாட்' என்ற தொடரிலே, வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண் புளோரிடாவாக வந்தார். கறுப்பு முகம் என்றால் கையிலே துடைப்பம் என்பது அந்நாட்டுப் பட முதலாளிகளின் எழுதாச் சட்டம்! ஆயினும் இந்தப் பணிப்பெண் குனியவில்லை. எசமானிக்குச் சரிக்குச் சரி விடையிறுத்தாள். அந்தப் பாத்திரத்துக்கென்றே 1974 பிப்ரவரியில் 'குட் டைம்ஸ்' தனித் தொடராகத் தொடங்கிற்று.

கணவனற்ற தாய், தந்தையற்ற பிள்ளைகள் — இப்படித்தான் கறுப்பினக் குடும்பத்தைத் திட்டமிட்டிருந்தனர். 'என் வீட்டிலே தகப்பன் இருக்க வேண்டும். இல்லையேல் நானில்லை' என்ற நிலையில் நின்றார் எஸ்தர். ஜான் ஏமஸ் தந்தையாக வந்தார். சிகாகோவின் ஏழைக் குடியிருப்பு, வேலை தேடி அலையும் தந்தை, வறுமையிலும் வளையாத தாய்! சிரிப்புக்கு அடியிலே சீற்றம் ஓடிற்று. முதலிரண்டு ஆண்டுகளின் சிறப்பு அதுதான்.

பிறகு நேர்ந்தது என்ன? மூத்த மகன் ஜே.ஜே. கண்ணை உருட்டினான், கையை ஆட்டினான், 'டைனமைட்' என்று கூவினான். கூட்டம் ஆர்ப்பரித்தது, எழுதுவோர் அவனையே சுற்றினர். படிப்புமில்லை, பணியுமில்லை, பதினெட்டு வயதிலே கோமாளித்தனமே அவன் தொழில்! கறுப்பின இளைஞன் இத்தகையவன்தான் என்று நாடு நம்பினால் பழி யாருக்கு? 1975இல் 'எபனி' இதழிலே எஸ்தர் வெளிப்படையாகவே கண்டித்தார். ஏமசும் முணுமுணுக்கவில்லை, முழங்கினார், 1976இல் நீக்கப்பட்டார். கதையிலே தந்தை விபத்தில் மாண்டான்.

அந்தச் சாவை எஸ்தர் நடித்த காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். துக்கத்துக்கு வந்தோரைச் சிரித்த முகத்துடன் உபசரிக்கிறாள், கண்ணீரில்லை. எல்லோரும் போனபின், கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையிலே அறைந்து அலறுகிறாள். இந்தத் திறத்தை வைத்துக்கொண்டா கூவலுக்குக் கைதட்டினார்கள்!

1977இல் எஸ்தர் விலகினார். தாயில்லாமலே ஓராண்டு ஓடிய தொடருக்கு 1978இல் திரும்பினார். சரணடைந்தார் என்று சொல்வோரை நான் ஏற்கவில்லை. ஆனால் திரும்பியபோது வீடு பழைய வீடாக இல்லை, தொடரும் 1979இல் முடிந்தது. அவ்வாண்டே அவருக்கு எம்மி விருது கிட்டிற்று. நகைச்சுவைக்கன்று, 'சம்மர் ஆஃப் மை ஜெர்மன் சோல்ஜர்' என்ற படத்திலே, வீட்டாரே புறக்கணித்த சிறுமிக்குத் துணைநின்ற பணிப்பெண் வேடத்துக்கு. துடைப்பம் ஏந்திய வேடத்தை அவர் இழிவாகக் கருதியதில்லை. 1998இல் மறையும்வரை அத்தகைய வேடங்களை ஏற்றே வந்தார். கோமாளித் தொப்பியைத்தான் தம் பிள்ளை தலையில் வைக்க விடமாட்டேன் என்றார்.