பேஸ்லைனில் புதைபடும் பிழைகள்

2024-இல் ஆண்ட்ராய்டு 15 வந்தபோது கோட்லின் செயலிகளுக்கு ஒரு பொறியும் கூடவே வந்தது. பட்டியலின் முதல் உறுப்பை நீக்கும் ‘ரிமூவ்ஃபர்ஸ்ட்’ அழைப்பு அதுவரை கோட்லினின் சொந்த நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பைல் எஸ்டிகே-யை 35-க்கு உயர்த்தினால், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே, அதே அழைப்பு ஜாவா பட்டியலில் புதிதாகச் சேர்ந்த முறைக்குப் போய்விடும். கம்பைலர் வாய் திறக்காது. புது போனில் எல்லாம் ஓடும். ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்கு முந்தைய போனில் அந்த இடம் வந்ததும் செயலி கிராஷ் ஆகும்.

கோட் ரிவ்யூவில் இது தட்டுப்பட வாய்ப்பு குறைவு, மாறியது அந்த வரியே அல்ல. ஆண்ட்ராய்டின் நிரல் சோதனைக் கருவியான லின்ட்டின் ‘நியூஏபிஐ’ சோதனை பிடித்துவிடும். முறை எந்தப் பதிப்பில் வந்தது, செயலியின் மினிமம் எஸ்டிகே எது என்று ஒப்பிட்டு, செயலியை ஓட்டாமலே சொல்லிவிடும். இந்த ஒன்றுக்காகவே லின்ட்டை சிஐ-யில் கட்டாயமாக்கலாம் என்பேன்.

சிக்கல் அதை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. பழைய புராஜெக்டில் முதன்முறை ஓட்டினால் எச்சரிக்கைகள் கொட்டும். அதற்குத்தான் பேஸ்லைன்: இன்று இருப்பவற்றை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் பதிந்துவிட்டு, இனி வருபவற்றை மட்டும் கேட்பது. அது இல்லாமல் பழைய புராஜெக்டில் தொடங்கவே முடியாது. ஆனால் அந்தக் கோப்புக்குத் தராதரம் தெரியாது. லேஅவுட்டில் நேரடியாக எழுதிய ஒரு சொல்லும், செயலியைக் கிராஷ் செய்யும் அழைப்பும் அதில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எஸ்டிகே-யை உயர்த்திய அன்று பில்ட் சிவப்பாகிறது, ரிலீஸோ நாளைக்கு. ஒரே கட்டளையில் பேஸ்லைனைப் புதுப்பித்தால் பில்ட் பச்சையாகிவிடும், ரிமூவ்ஃபர்ஸ்ட்டும் உள்ளே போய்விடும். அந்த நீண்ட எக்ஸ்எம்எல் மாற்றத்தை யார் பொறுமையாகப் படிப்பார்கள்?

இப்படிப் புதுப்பிக்கும் பழக்கம் சோம்பலால் மட்டும் வருவதில்லை. கோட்லின் நிரலைச் சோதிக்கும் இன்னொரு கருவியான டிடெக்ட், தன் இயல்பு அமைப்பில் 60 வரியைத் தாண்டும் ஃபங்ஷனைக் குறை சொல்லும். திரையை வரையும் கம்போஸ் ஃபங்ஷன்கள் இயல்பிலேயே நீளமானவை. விதிக்காக அவற்றை வெட்டினால் படிப்பவர்தான் அலைய வேண்டும். பொருளற்ற சிவப்பை அடிக்கடி பார்த்துப் பழகியவர், பொருளுள்ள சிவப்பையும் அப்படியே தள்ளிவிடுகிறார்.

அதனால் மெர்ஜைத் தடுக்கும் விதிகள் சிலவே இருக்கட்டும்: நியூஏபிஐ, விடுபட்ட பெர்மிஷன் போன்றவை. அவற்றில் ஒன்றுகூட பேஸ்லைனுக்குள் போகக் கூடாது. இடைவெளி, வரிசை போன்ற நடைச் சமாச்சாரங்களை கேடிலின்ட் கருவி கமிட்டுக்கு முன்பே தானாகத் திருத்திவிடும், அதற்கு பில்ட்டை நிறுத்த வேண்டியதில்லை. பேஸ்லைன் கோப்பில் புது வரி சேர்ந்தால், சேர்த்தவர் காரணம் எழுதி இன்னொருவரிடம் ஒப்புதல் வாங்கட்டும்.