பறம்பின் தண்ணீர்

குறுந்தொகையின் 196ஆம் பாட்டு ஆறே அடி. பாடியவர் மிளைக் கந்தன். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான் தலைவன். தோழி அவனை உள்ளே விடாமல் பேசுகிறாள். மருதத்திணையில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. ஊடலும் ஏச்சுமாக எத்தனையோ விதத்தில் பாடி வைத்திருக்கிறார்கள். இந்தத் தோழியோ பரத்தை என்ற பேச்சையே எடுப்பதில்லை. அவள் எடுப்பது தின்பதும் குடிப்பதுமான சங்கதி.

காதல் புதிதாக இருந்தபோது தலைவி பச்சை வேப்பங்காயைக் கொடுத்தாலும் அவனுக்கு அது வெல்லக்கட்டி. இப்போது நல்ல தண்ணீரையே நீட்டினாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறான். ஒரே மடக்கில் இரண்டு குறை! அன்று சொன்னதையும் இன்று சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, கூட்டிக் கழிக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுகிறாள். கசப்பு முழுவதும் அவன் நாக்கில்தான்.

வேப்பங்காய்க்கு ஓரடி போதும் என்று நினைத்த கவிஞர், தண்ணீருக்கு மட்டும் முழுதாக இரண்டடி செலவழிக்கிறார். ஆறடிப் பாட்டில் இது ஊதாரித்தனம். ஆனால் பாட்டின் வலு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஏதோ கிணற்றுத் தண்ணீர் என்றிருந்தால், நிஜமாகவே உவர்த்திருக்கும் என்று அவன் தப்பித்துவிடலாம். இதுவோ வள்ளல் பாரியின் பறம்புமலைச் சுனைநீர், தெளிந்தது, அதுவும் தை மாதத்தில் மொண்டது. ஒவ்வொரு விவரமும் ஒரு கதவைச் சாத்துகிறது. வேப்பங்காய் விஷயத்திலும் அதே கவனம். பழுத்தால் வேம்பிலும் கொஞ்சம் இனிப்பு உண்டு, காகம் அறியும். கவிஞர் பச்சைக்காயைத்தான் எடுக்கிறார்.

இதே சுனையைப் புறநானூற்றின் 176ஆம் பாட்டிலும் பார்க்கலாம். உள்ளூரிலேயே கிடைப்பதால் அருமை தெரியாமல் இகழப்படும் நீர் என்று அங்கே ஓர் உவமை. அதைப் படித்துவிட்டு இங்கே திரும்பினால் தலைவி ஏன் இந்தச் சுனையின் நீரைத் தருகிறாள் என்பது இன்னும் உறைக்கும். காய் கோடையினது, தண்ணீர் தை மாதத்தது. இடையில் ஓடிய காலத்தையும் அந்த இரண்டு பொருள்களே சொல்லிவிடுவதாக நான் வாசிக்கிறேன்.

இத்தனைக்கும் தோழியின் மரியாதை குறைவதில்லை. கடைசி அடியிலும் ‘ஐய’ என்றுதான் விளிக்கிறாள். ஒருமையில் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பான்.

முடிவடியில் அன்பின் தன்மையே இப்படித்தான் என்கிறாள். பொதுவாக, பாட்டு பழமொழியில் போய் முடிந்தால் எனக்குச் சலிப்பு வரும். இங்கே வரவில்லை. வாசலில் நிற்பவனைப் பார்த்துச் சொல்லும்போது அது பொதுமொழியாகவா கேட்கும்? நீர் வைத்த அன்பின் லட்சணம் இது என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கும். அவன் என்ன பதில் சொன்னான், கதவு திறந்ததா என்பதற்கெல்லாம் மிளைக் கந்தன் ஓர் அடிகூடச் செலவழிக்கவில்லை.