பகல் கச்சேரியின் விலை

சென்னையின் மார்கழி இசைப் பருவத்தில் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கப்படுவது பகல் நேரம். காலை பத்து மணி, நண்பகல், பிற்பகல் இரண்டு மணி என்று சபாவுக்குச் சபா நேரம் மாறினாலும் ஏணி ஒன்றுதான். ஜூனியராகப் பகலில் பாடத் தொடங்கும் கலைஞர் சப்-சீனியராக உயர்ந்து, ஒருநாள் சீனியராகி மாலைக் கச்சேரியை எட்டுகிறார். பரதநாட்டியத்துக்கும் ஏறக்குறைய இதே படிக்கட்டுதான். இந்த ஏற்பாட்டைப் போற்றுவோர் சொல்லும் வாதம் ஒன்று இப்போது பரவலாகக் கேட்கிறது: மேடை தருவதோடு சபாவின் கடமை முடிந்தது, அதை வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொள்வது கலைஞரின் திறமை. 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை சேர்க்கப்பட்ட பிறகு இந்த வாதம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அது அடிப்படையிலேயே பிழையானது.

பகல் மேடையின் நன்மைகளை யாரும் மறுப்பதற்கில்லை. இரண்டு மணிக்கு வந்து உட்காரும் ரசிகர்களில் பலர் தேர்ந்த செவி உடையவர்கள். சங்கதி பிசகினாலும் அனுபல்லவியில் தாளம் தள்ளினாலும் கவனித்துவிடுவார்கள். அத்தகைய சபையில் பத்து முறை பாடுவது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். இன்று மாலை நேரத்தை நிரப்பும் வித்வான்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பகலில் பாடியவர்களே. 1985இல் இளைஞர்களே கூடித் தொடங்கிய யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் போன்ற முயற்சிகள், அந்தத் தலைமுறைக்கு மேடையின் தேவை எவ்வளவு இருந்தது என்பதற்குச் சான்று. அகில இந்திய வானொலியின் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் தரவரிசையும் இளையவர்களைச் சீராக முன்னேற்றியிருக்கிறது. மேடை வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

குறை சன்மானத்தில் இருக்கிறது. பகல் கச்சேரி ஒன்றின் வரவு செலவைக் கிட்டே நின்று பார்த்தால் இது விளங்கும். மங்களம் பாடி முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஒரு கவர் கைக்கு வருகிறது. சில சபாக்களில் அதுவும் வருவதில்லை. ஒரு சால்வையும் நினைவுப் பரிசும் வரும். பாடகி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கவரைப் பிரித்து எண்ணுகிறார். வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பேசிய தொகை அதில் தேறாது. கடம் அல்லது கஞ்சிரா வைத்திருந்தால் துண்டு இன்னும் பெரிதாகும். குறையும் பணத்தை அவரோ அவருடைய அப்பாவோ போடுகிறார்கள். ஒத்திகைக்கு வந்து போன செலவும், பட்டுப்புடவையும், வெளியூர்க்காரராக இருந்தால் மயிலாப்பூரில் அறை எடுத்துத் தங்கிய வாடகையும் தனி. இரண்டு மணி நேரம் கல்யாணியும் காம்போதியும் பாடிய ஒருவர் அன்றைக்குப் பணம் கொடுத்துப் பாடியவராக வீடு திரும்புகிறார்.

நாட்டியத்தில் நிலைமை இதைவிடக் கடினம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று குறைந்தது நான்கு பேருக்கு ஆடுபவர்தான் படியளக்க வேண்டும். ஒவ்வோர் ஒத்திகைக்கும் தனித் தொகை. ஒப்பனைக்கு ஒருவர், ஒளியமைப்புக்கு ஒருவர். கட்டுப்படியாகாமல் பலர் பதிவு செய்த டிராக்கைப் போட்டு ஆடுகிறார்கள். அதனால் பக்கவாத்தியக்காரருக்கு வேலை போகிறது. ஆடுபவருக்குப் பாட்டோடு உரையாடும் பயிற்சி போகிறது. அபிநயத்தின்போது ஒரு வரியைப் பாடகர் மூன்றாம் முறை எடுப்பதா ஐந்தாம் முறை எடுப்பதா என்று கண்ஜாடையில் தீர்மானமாகும் நுட்பம் டிராக்கில் இல்லை. பணக்குறை இப்படித்தான் கலைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

இந்தச் செலவை முதலீடு என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. முதலீடு என்றால் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கணக்கு இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு கணக்கை எந்தச் செயலாளரும் சொன்னதில்லை. சப்-சீனியர் நிலையிலேயே பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்றுவிடுவோர் உண்டு. அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் தாங்கக்கூடியவர் யார்? பெற்றோருக்கு வசதி இருப்பவர், பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்ப்பவர், சம்பாதிக்கும் துணையைப் பெற்றவர். சஞ்சய் சுப்ரமண்யன் பட்டயக் கணக்காளர் என்பதைப் பெருமையாக எடுத்துச் சொல்லும் உலகம், கையில் வேறொரு தொழில் இல்லாதவர் இந்த ஏணியில் கால் வைக்கத் துணிவாரா என்று கேட்பதில்லை. சன்மானம் இல்லாத மேடை யாரையும் வெளியே தள்ளுவதில்லை. தாங்க முடியாதவர் தாமாகவே விலகுகிறார். விலகியவரின் பெயர் எந்த விழா மலரிலும் வராது என்பதால் இழப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த மண்ணின் மரபு இப்படிப்பட்டதும் அல்ல. முகூர்த்தத்துக்கு நாகஸ்வரக்காரரை அழைப்பவர் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்துத் தேதியை உறுதி செய்கிறார். செட்டில் நேற்றுச் சேர்ந்து தாளம் போடும் பையனுக்கும் அன்றைய வரும்படியில் ஒரு பங்கு உண்டு. அவன் கற்றுக்கொண்டிருப்பவன்தான், ஆனாலும் அவனுடைய உழைப்புக்குக் கூலி கிடையாது என்று எந்தத் தவில் வித்வானும் சொல்வதில்லை. அதே தஞ்சைப் பகுதியிலிருந்து வளர்ந்து வந்த இசை, சபா மேடைக்கு வந்ததும் இளையவரின் உழைப்பை விலையற்றதாக்கிக்கொண்டது.

இதற்கு ரசிகர்களைப் பழக்கியதும் சபாக்களே. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். கூட்டம் வர வேண்டும் என்ற நல்லெண்ணம் அதன் பின்னே இருக்கலாம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் இலவசமாகக் கேட்ட ரசிகர், இளையவரின் பாட்டுக்கு விலை கிடையாது என்றே மனத்தில் பதித்துக்கொண்டுவிட்டார். சிற்றுண்டிச்சாலையில் இலை போட்ட சாப்பாட்டுக்கு யோசிக்காமல் சில நூறு ரூபாய் கொடுப்பவரிடம், பக்கத்து அரங்கில் நடக்கும் கச்சேரிக்கு ஐம்பது ரூபாய் கேட்கவும் நிர்வாகம் தயங்குகிறது. அரங்க வாடகை, ஒலிபெருக்கி, மின்சாரம், பந்தல் எல்லாவற்றுக்கும் நன்கொடையாளரிடமிருந்து பணம் வருகிறது. அந்தப் பட்டியலில் பகல் கலைஞரின் சன்மானத்துக்கு மட்டும் தனி வரி கிடையாது. மேடைக்காகக் கலைஞரின் குடும்பமே நன்கொடை கொடுப்பதும், அதில் வெளிநாட்டில் வாழ்வோர் முந்திக்கொள்வதும் சென்னை இசை வட்டாரத்தில் நெடுநாளாகப் பேசப்படுகின்றன. அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. நடக்கும் இடங்களில் தகுதி என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது.

அரசின் உதவி இந்தப் பள்ளத்தை நிரப்புவதாக வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. மொத்தம் 1,20,000 ரூபாய். அது பயிற்சிக்கான தொகை. கச்சேரி வாழ்க்கை தொடங்கும் வேளையில் அது முடிந்துவிடும். சங்கீத நாடக அகாதெமி 2006இல் ஏற்படுத்திய உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. தொகை 25,000 ரூபாய், ஒரே ஒரு முறை. தமிழ்நாட்டில் மாவட்டக் கலை மன்றங்கள் தரும் கலை இளமணி, கலை வளர்மணி ஆகியவையும் விருதுகளே. இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் மாதந்தோறும் வாடகை கட்ட வேண்டிய ஒருவருக்கு இவற்றில் எதுவும் வருமானம் அல்ல. வரிச்சுமையையும் சபாக்கள் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத செவ்வியல், நாட்டுப்புறக் கலை நிகழ்த்தல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு இருக்கிறது.

சன்மானம் கிடைக்காத இளையவர் கற்பித்துப் பிழைக்கிறார். அமெரிக்காவிலுள்ள மாணவர்களின் மாலை நேரத்துக்கு ஏற்பக் காலை ஐந்தரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்து ஸரளி வரிசை தொடங்குகிறது. ஒன்பது மணி வரை அடுத்தடுத்து வகுப்புகள். கற்பிப்பது உயர்ந்த வேலை, அதில் சிறுமை ஏதும் இல்லை. ஆனால் அகார சாதகத்துக்குரிய விடியற்காலை அதில் கரைகிறது. கச்சேரிக்குப் புதிய பல்லவி அமைக்கும் பொழுதும் அதோடு போகிறது. மாலை நேரத்துக்கு உயரத் தேவையான உழைப்பை, பகல் மேடைக்குச் செலவிடும் பணத்தைத் தேடுவதே தின்றுவிடுகிறது.

கச்சேரியின் காணொளியும் இதே கணக்கில் சேரும். பகல் கச்சேரிகளைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது பல சபாக்களில் வாடிக்கை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தம் அதை மேலும் வலுவாக்கியது. பாடகரின் இசைவு இல்லாமல் பதிவு செய்வதே உரிமை மீறல். இளையவர் இதைக் கேட்டால் அடுத்த ஆண்டு ஸ்லாட் கிடைக்காது என்ற அச்சத்தில் கேட்பதில்லை. மிருதங்கக்காரரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை.

இவற்றை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மீதமுள்ளவற்றுக்குப் பணம் வரும். பகலில் மூன்று கச்சேரிகள் நடத்தும் சபா இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பகல் அரங்குக்குச் சிறு தொகையில் டிக்கெட் வைத்து, வசூலைக் கலைஞர்களிடமே ஒப்படைக்கலாம். பக்கவாத்தியக்காரரின் தொகையைப் பாடகரின் தலையில் கட்டாமல் சபாவே நேரடியாக அவரவர் வங்கிக் கணக்கில் போடலாம். பிரதானக் கலைஞருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பதிவு உண்டா, உண்டென்றால் யாருடைய இசைவோடு என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம். நாகஸ்வரச் செட்டுக்கு வைக்கும் அச்சாரத்தைப் போல, தொகையில் ஒரு பகுதியை அன்றைக்கே கொடுத்துவிடலாம்.