கண்டுபிடிப்பு இலக்கியமும் கணக்கேடும்

அமெரிக்காவின் ஆரம்ப வரலாறு பற்றிய அரிய நூல்களைக் கொண்ட நிறுவனங்களுள் றோட் ஐலண்ட் மாநிலத்து பிரொவிடன்ஸ் நகரில், பிறவுண் பல்கலைக்கழகத்திலுள்ள ஜோன் காட்டர் பிறவுண் நூலகம் தலையாயவற்றுள் ஒன்றாகும். ஜோன் காட்டர் பிறவுண் 1846ஆம் ஆண்டளவில் முனைந்து திரட்டத் தொடங்கிய இந்நூல்கள் 1901இல் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டன. இத்தகைய தொகுதிகளிலுள்ள பயண நூல்களை மனிதத் துணிவின் காவியங்களாகப் போற்றுவது மரபு. அம்மரபை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

கொலம்பஸின் முதற் பயணத்தை ஐரோப்பாவுக்கு அறிவித்த கடிதத்தின் 1493ஆம் ஆண்டுப் பதிப்புகள் இங்கு உள்ளன. தீவுகளின் எழிலையும் மக்களின் கள்ளமின்மையையும் வியக்கும் அக்கடிதம், முடிவை நெருங்குகையில் பொன், வாசனைப் பொருட்கள், பருத்தி, அடிமைகள் என அரசருக்கு அனுப்பக்கூடியவற்றை நிரற்படுத்துகின்றது. வியப்பும் பட்டியலும் தற்செயலாக அருகருகே அமைந்தவையல்ல. ஆயுதமறியாதோர் என்னும் வருணனை, எளிதில் அடக்கத்தக்கோர் என்னும் செய்தியுமாகின்றது.

எனினும் இந்நூல்கள் யாவும் ஆதிக்கத்தின் எதிரொலிகளே என்பது யாந்திரிகமான முடிவாகும். 1636இல் பிரொவிடன்ஸை நிறுவிய றொஜர் வில்லியம்ஸ், 1643இல் வெளியிட்ட நூலில் நரகன்செற் மக்களின் மொழியை உரையாடல் வடிவிற் பதிவு செய்தார். ஐரோப்பியரின் செருக்கையும் கண்டித்தார். ஆயின் 1676இல், போரிற் பிடிபட்ட பழங்குடியினரை விற்பதற்கு அந்நகரில் அமைந்த குழுவில் அவரும் இருந்தார். தனிமனிதரின் நல்லெண்ணம் சமூக உறவுகளின் எல்லையைத் தாண்டவில்லை என்பதையே இம்முரண்பாடு உணர்த்துகின்றது.

அதே நூலகத்தில் ஒரு கணக்கேடும் உண்டு. 1764இல் பிறவுண் சகோதரர் நால்வர் றம் மதுவை ஏற்றி ‘சலி’ என்னும் கப்பலை ஆபிரிக்காவுக்கு அனுப்பினர். கப்பற்றலைவன் பெற்ற 196 பேருள் 109 பேரேனும் மாண்டனர். 1765 ஓகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது எண்மர் கொல்லப்பட்டனர். கொள்வனவைப் பதிந்த கையே மரணத்தையும் பதிந்தது. மாண்டோருக்குப் பெயரில்லை, வரிசையெண்ணே உண்டு. அச்சகோதரருள் ஒருவரான நிக்கலஸ் பிறவுண், நூல்களைத் திரட்டியவரின் பாட்டனாவார்.

1493ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும் இக்கணக்கேட்டுக்கும் இடையில் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் உண்டெனினும், மனிதரைப் பண்டமாக்கும் நோக்கு ஒன்றே. அமெரிக்காவைக் கொள்ளையிட்டதும் ஆபிரிக்கரை வேட்டையாடியதும் மூலதனத்தின் ஆதித் திரட்சிக்கு ஊற்றுகளாயின என்று 1867இல் மாக்ஸ் நிறுவியதை இவ்விரு ஆவணங்களும் ஒருசேர விளக்குகின்றன. பல்கலைக்கழகம் 2003இல் நியமித்த குழு, அடிமை வணிகத்தோடு தன் நிறுவனத்துக்கிருந்த தொடர்பை 2006இல் அறிக்கையாக வெளியிட்டபோது, ‘சலி’யின் வரலாறு அதில் முக்கிய இடம்பெற்றது.

பயண நூல்களை ஒதுக்கிவிடுதல் விமர்சகனின் பணியன்று. அவற்றின் அருகே கணக்கேட்டையும் விரித்துவைத்து வாசித்தலே அவன் கடன். ஆவணத்தைப் பேணியவர் எந்நோக்கத்தோடு பேணினாரெனினும், அது மாண்டோர் சார்பிலும் சாட்சி கூறவல்லது. அச்சாட்சியைச் செவிமடுக்காத இலக்கிய இரசனை, வரலாற்றைப் பாதியாகவே வாசிப்பதாகும்.