பழைய எண்ணையே கேட்கலாமா?

உல்லாச மோட்டார் படகின் விசிறி உடைந்துபோனால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பழைய விசிறியின் குடத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போய் அதையே கேட்கிறார்கள். 13 x 15 என்றிருந்தால் விட்டம் 13 அங்குலம், பிட்ச் 15 அங்குலம். வழுக்கலே இல்லாவிட்டால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது படகு முன்னேறும் தூரம்தான் பிட்ச்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்லிவிட எனக்கு மனமில்லை. அதே இன்ஜின், அதே படகு, அதே சுமை, அதே நீர்நிலை என்றால் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. தண்டில் பொருந்துமா என்ற கவலையும் இராது.

ஆனால் அந்தப் பழைய எண் சரியானது என்பதற்கு யார் சாட்சி? ஆர்.பி.எம். மீட்டர்தான். வழக்கமான சுமையை ஏற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து ஓட்டும்போது, இன்ஜின் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் முள் நிற்க வேண்டும். பல நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு இது 5000 முதல் 6000 வரை. முள் அதற்குக் கீழே தங்கினால் பிட்ச் அதிகம். டாப் கியரில் மேடேறும் லாரியைப் போல இன்ஜின் திணறும், கரி படியும். எல்லையைத் தாண்டிப் போனால் பிட்ச் போதவில்லை. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும்.

பழைய எண் நம்மைக் கைவிடுவது உயரம் மாறும்போது. இதைத் தங்கவயல்காரனாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் தந்த பாலாற்றுப் பேத்தமங்கலா ஏரியும் இதே மேட்டுநிலத்தில்தான். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். அப்படியானால் இங்கே 8 சதவீதம் போய்விடும். சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டி ஏரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கடலோரத்து முட்டுக்காட்டில் கச்சிதமாக ஓடிய படகை ஊட்டிக்குக் கொண்டுபோனால், அதே விசிறியில் முள் சில நூறு சுற்று கீழே நிற்கும். பிட்ச்சை இரண்டு அங்குலமாவது குறைக்க வேண்டியிருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. இன்ஜின் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

இன்னொரு தவறு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மேல் என்று நம்புவது. ஸ்டீல் இதழ் வளையாது, வேகம் தரும், உண்மைதான். ஆனால் நீர் வற்றும்போது பாறையும் மரக்கட்டையும் தலைகாட்டும் ஏரிகளில், இதழ் தாங்கிக்கொண்ட அடி கியருக்குப் போய்ச் சேரலாம். அங்கே வளைந்து கொடுக்கும் அலுமினியமே மலிவு, நல்லதும்கூட.

சில சமயம் இதழ்களில் பழுதே இருக்காது. குடத்துக்குள் இருக்கும் ரப்பர் வழுக்கி, இன்ஜின் மட்டும் அலறும், படகு நகராது. அப்போதும் விசிறியைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. பல வகைகளில் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விசிறி நன்றாக இருக்கும்போதே, வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டி, முள் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய விசிறியின் எண்ணோடு அதையும் சொல்லுங்கள்.