வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒரு கூரையும் ஒரு முகமும்

கோவையிலிருந்து மேற்கே பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் தாண்டி வெள்ளியங்கிரி அடிவாரம் போகிறவர்களில் பலர் இப்போது ஒரு முகத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். 112 அடி உயர ஆதியோகி சிவன். 2017 பிப்ரவரி 24, மகாசிவராத்திரி அன்று பிரதமர் வந்து திறந்துவைத்த சிலை. உலகின் மிகப்பெரிய மார்பளவுச் சிலை என்று கின்னஸ் பதிவு பெற்றது. சிலையை நிறுவிய ஈஷா அமைப்பின் அதே வளாகத்தில், நடந்தே போகிற தூரத்தில், 1999இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தியானலிங்கமும் அதை மூடிய செங்கல் கூரையும் இருக்கின்றன. ஒரே அமைப்பு, ஒரே மலை, ஒரே கடவுள்; இடைவெளி 18 ஆண்டு. கட்டியவர்களின் ஆன்மிகம் குறித்த சண்டை இங்கே வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். கட்டடமாகவும் சிற்பமாகவும் மட்டும் பார்த்தால், முதலாவது கற்றுக்கொண்டதை இரண்டாவது கைவிட்டுவிட்டது என்றே சொல்வேன்.

முதலில் கூரை. 76 அடி விட்டம், 33 அடி உயரம். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. செங்கலும், மண்ணோடு சுண்ணாம்பு, மணல், படிகாரம், மூலிகை சேர்த்த சாந்தும்தான். இன்றைய கொத்தனாரிடம் இந்த அகலத்துக்குக் கம்பி கட்டாமல் கூரை போடச் சொன்னால் முதலில் சிரிப்பார், பிறகு யோசிப்பார். செங்கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். ஆகவே வளைவு எங்கே எப்படித் திரும்ப வேண்டும் என்பதை வரைபடக்காரர் தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்ய முடியாது. எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில் விழப் பார்க்கிறது, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எதுவும் விழாமல் நிற்கிறது. ரோமில் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் கூரை கம்பியில்லாக் கான்கிரீட்டில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்பதும் இதே கணக்கில்தான். இப்படிப்பட்ட கூரையில் வடிவத்துக்குப் பாதிப் பொறுப்பு பொருளுடையது. அந்தப் பணிவு பார்ப்பவருக்கும் தெரிகிறது.

வெளிச்சத்தையும் அதே சிக்கனத்தோடு கையாண்டிருக்கிறார்கள். கொங்கு வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் புலப்படாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் 13 அடி 9 அங்குலக் கருங்கல் லிங்கம் இருட்டிலிருந்து பிரிந்து வருகிறது. மெருகேற்றிய கருங்கல்லுக்குச் சின்ன விளக்கே போதும்.

மௌனத்தின் கதை வேறு. தியானலிங்கத்தின் அமைதியைப் புகழாதவர் இல்லை. ஆனால் கூர்ந்து கவனித்தால், அந்த அமைதியைத் தருவது கட்டடம் இல்லை. வளைந்த கெட்டியான கூரை ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். யாரோ ஒருவர் இருமினால் அது எல்லாருடைய இருமலாகிவிடுகிறது. அமைதியைக் காப்பது விதியும், சைகையால் வழிநடத்தும் தன்னார்வலர்களும்தான். தினம் இருமுறை நடக்கும் நாத ஆராதனையின்போது, குரலும் கருவியும் கூரையில் பட்டு நீண்டு திரும்பும்போது, இந்த வளைவு உண்மையில் எதற்குப் பொருத்தம் என்பது புரிகிறது. இதைக் குறை என்றும் கொள்ளலாம். எனக்கு இது பலமாகவே படுகிறது. தன் சேலை சரசரப்பையே கேட்டுக் கூசும் இடத்தில் யாரும் அதட்டாமலே உடம்பு அடங்குகிறது. உண்மையான குறை நுழைவழியில் இருக்கிறது. எல்லா மதச் சின்னங்களும் தாங்கிய தூண், பதஞ்சலி உருவம், ஞானியர் கதை சொல்லும் பலகைகள் என்று உள்ளே போவதற்குள் ஏகப்பட்ட விளக்கவுரை. செங்கல்லை நம்பியவர்கள் பார்வையாளரை அவ்வளவு நம்பவில்லை.

இனி முகம். உள்ளே சட்டகம், மேலே ஆயிரக்கணக்கான தகடுகள், மொத்தம் 500 டன் எஃகு. வடிவமைக்க இரண்டரை ஆண்டு, கட்ட எட்டே மாதம் என்று ஈஷா சொல்கிறது. வேலையின் திறமையில் குறை சொல்ல முடியாது. காலைச் சாய்வெயிலில் கன்னத்துத் தகடுகள் ஒவ்வொன்றாக ஒளி மாறுவது நல்ல காட்சி. உடலையும் கைகளையும் விட்டுவிட்டு முகத்தோடும் தோளோடும் நிறுத்தியதும் நல்ல முடிவு. ஆனால் அந்த 500 டன்னில் எஃகு எங்கே தெரிகிறது? கறுப்புப் பூச்சுக்கு அடியில் அது ஃபைபராக இருந்தாலும் சிமென்டாக இருந்தாலும் தூரத்துக் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. வார்ப்பாலையும் லேத் பட்டறையும் பம்புசெட்டும் வளர்த்த ஊர் கோவை. இரும்பின் கனத்தையும் வெல்டிங்கின் தழும்பையும் படிக்கத் தெரிந்த கண்கள் இங்கே இருப்பதுபோல் தமிழ்நாட்டில் அதிக இடங்களில் இல்லை. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செரா துருவேறும் எஃகுத் தகடுகளை அவற்றின் சொந்தக் கனத்தில் நிறுத்திவைத்தார். அருகே போனால் எடை மேலே சாய்வதுபோல் வயிறு கலங்கும். ஆதியோகியின் அருகே போனால் கழுத்து மட்டும்தான் வலிக்கிறது.

போகும் வழியில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபையில் இறங்கிப் பார்த்தால் ஒப்பீடு தானாக அமையும். 17ஆம் நூற்றாண்டுத் தூண் சிற்பங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நாம் நகர நகர வீரபத்திரரின் முகம் மாறுகிறது, சுற்றி வரும் பொறுப்பு நம்முடையது. ஆதியோகிக்கோ முன்பக்கம் ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடமும், படம் எடுக்க வேண்டிய இடமும் ஒன்றே.

இருட்டியதும் ஒளி ஒலிக் காட்சி. பகலில் வெயிலை வாங்கித் தன் வடிவத்தைக் காட்டிய தகடுகள், இரவில் தம்மேல் எறியப்படும் வண்ணங்களுக்குத் திரையாகின்றன. சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தோன்றவில்லை. இது யானைகள் நடமாடும் காட்டோரம் வேறு. கட்டுமான அனுமதி குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், அந்தக் காட்டின் இருட்டும் சத்தமின்மையும் வடிவமைப்பின் கணக்கிலேயே வரவில்லை என்பது கலைக்குறைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியானலிங்கத்துக்குள் போக வரிசை, நேரம், விதி எல்லாம் உண்டு. ஆதியோகியின் முன்னால் கட்டாந்தரையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம், பிள்ளை அழலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடும் கூட்டத்தை அலட்சியம் செய்கிற விமர்சனம் அரைகுறையானது. நம் நகரங்களில் காசு கொடுக்காமல் வானத்தைப் பார்த்து உட்கார இடம் எத்தனை?

ஆனாலும் அந்த வெளிக்கு இந்த முகம் தேவையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2023 ஜனவரியில் கர்நாடகத்தின் சிக்பள்ளாப்பூரில் அதே 112 அடி ஆதியோகி இன்னொன்று திறக்கப்பட்டது. இரண்டின் புகைப்படத்தையும் பின்னணி மலையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் 146 அடி முருகன் எழுந்தார், மலேசியாவின் பத்துமலை முருகனைவிட 6 அடி கூடுதலாக. அடுத்து எங்கேயோ யாரோ 150 அடிக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கம்பியில்லாத 76 அடிக் கூரையை 77 அடியாக்கிப் பார்க்கிறேன் என்று மட்டும், எனக்குத் தெரிந்து, ஒருவரும் கிளம்பவில்லை.